குமிழி வருதா?

போன மாதம் ரேவதி போன் செய்தாள். குன்னூரில் நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில், என்னுடைய பழைய மேசையில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா, ஒரு நிமிசம் பேசலாமுங்களா?" என்று அவள் ஆரம்பித்தாலே நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். நல்ல சேதி சொல்வதற்கு யாரும் ஒரு நிமிஷம் கேட்பதில்லை.

பிக்கட்டியிலிருந்து ஒருவர், வீட்டில் நோயாளிக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் மெஷினின் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்திருக்கிறாராம். மூடி உடைந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் த்ரீ-டி பிரிண்டர் வைத்திருப்பவர், அளவு எடுத்துக் கொடுத்தால் அப்படியே ஒன்றை அச்சடித்துத் தருகிறேன் என்கிறாராம். "பண்ணிக் குடுக்கலாமாக்கா?"

"வேண்டாம்!" என்று நான் கத்தியதில் அடுப்படியில் இருந்த என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். "மொதல்ல அந்த ஊட்டுல இப்ப மூச்சு எதுல ஓடிட்டிருக்குதுன்னு கேளு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லு. மூடியைத் தொடாத."

அவள் அப்படியே செய்தாள், காரியமும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாள் திரும்பவும் கூப்பிட்டாள். "பிரிண்டர்ல போட்டா பார்ட்டு நல்லாத்தானுங்கக்கா வருது. எதுக்கு அப்படிப் பதறுனீங்க?" என்று கேட்டாள். போனில் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போக முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எஸ்டேட் லயத்தில், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து வந்தவர்கள். கொழுந்து பறிக்கப் போகக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்ததால் நான் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மிக்சி, வாஷிங் மெஷின், கிரைண்டர், ஃபேன் ஹீட்டர் என்று எல்லாம் அங்கே வரும். முதலில் கழற்றிய பாகங்களை பிரஷ் போட்டுக் கழுவும் வேலை. கழுவக் கழுவ எது எங்கே உடைகிறது என்று கண்ணுக்குப் பழகிவிட்டது. உடைந்ததை ஒட்டிப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த மேசை என்னுடையதாகிவிட்டது. மோட்டார், வயர் எல்லாம் ஆண்கள் பார்த்தார்கள். பிளாஸ்டிக் உடைந்தால் "புஷ்பத்துகிட்ட குடு" என்பார்கள்.

இப்போது நினைத்தால் விளையாட்டுப் போலத் தெரியும், ஆனால் பிளாஸ்டிக் என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. உடைந்த துண்டில் ஒரு சில்லைச் சுரண்டித் தண்ணீரில் போடுவேன். மிதந்தால் அது ஒரு சாதி, எந்தப் பசையும் அதில் நிற்காது, சூடு வைத்துத்தான் இணைக்க வேண்டும். மூழ்கினால் நகத்தால் தட்டிக் கேட்பேன். டங்கென்று கண்ணாடி மாதிரி ஒலித்தால் இன்னொரு வகை. மொத்தென்று கேட்டால் அசிட்டோனில் கரையும் வகை. அதே வகைப் பழைய மூடிகளை நறுக்கி, அசிட்டோனில் ஊறப் போட்டால் தோசை மாவு பதத்துக்கு வரும். அதைக் குழைத்துப் பூசினால் உடைந்த இடமே தெரியாது. சூடு வைக்க வேண்டியவற்றுக்கு சால்டரிங் அயர்ன். விரிசலுக்குக் குறுக்கே ஸ்டேப்ளர் பின்னைச் சுட்டுப் பதித்து, மேலே அதே பிளாஸ்டிக்கை உருக்கி மூடுவேன். தையல் போட்டு மேலே தோல் மூடுகிற மாதிரிதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி எங்கள் மலையின் ஈரம். மழைக்காலத்தில் எபாக்சிப் பசை இறுகவே இறுகாது. அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு, உள்ளே பாகங்களை அடுக்கி வைப்போம். கோழிக்குஞ்சு பொரிக்க வைத்த மாதிரி இருக்கும். பல்பு ஃபியூஸ் போயிருக்குமோ என்று நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பேன். என் சுபாவம் அப்படி. கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருகிறவள் நான்.

அப்படிப்பட்டவளுக்கு மேலே, என்னைவிடப் பயந்த ஒரு மேனேஜர் வாய்த்தார். போஜன் சார். ஜெகதளாக்காரர், படகர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, யாரையும் ஒருமையில் பேசாமல், மேசை மேசையாக நின்று கவலைப்படுவார். கையில் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நான் பார்த்ததே இல்லை. எந்தப் பாகத்தை ஒட்டினாலும் அவரிடம் காட்ட வேண்டும். ஒட்டிய இடத்தைப் பார்க்கவே மாட்டார். என் முகத்தைப் பார்த்து, "மறுபடி உடைஞ்சா யாருக்குங்க அடி?" என்று கேட்பார்.

மிக்சி மூடி என்றால், "ஒருத்தருக்கும் இல்ல சார், சட்னி தெறிக்கும்" என்பேன். தலையை ஆட்டுவார். பதில் சொல்ல நான் கொஞ்சம் யோசித்தால் போதும், அந்தப் பாகம் மேசையை விட்டுப் போகாது. இன்னொரு கேள்வியும் உண்டு. "எப்படி உடைஞ்சுது?" அதை வாடிக்கையாளரிடம் கேட்பார். எப்படி உடைந்ததோ, அப்படியே இன்னொரு தரமும் உடைக்கப் போகிறார்கள் என்பது அவருடைய கணக்கு.

ஒரு தடவை அவருடைய சொந்த ஊரிலிருந்தே, சொந்தக்காரர் ஒருவர் துணி பிழியும் டிரையரின் மூடியைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே சுழல்வது நிற்க வேண்டும். அதற்கென்று மூடியின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அது முறிந்திருந்தது. நான் பார்த்ததுமே, முன்னைவிடப் பலமாக ஒட்டிவிடலாம் என்றேன். போஜன் சார் கேட்டார், நான் யோசித்தேன். ஓடும் டிரையருக்குள் கை விடுகிற ஒருவருடைய விரல் என் கண்ணில் வந்தது. மூடி அப்படியே திரும்பிப் போனது. புது மூடி வரும்வரை டிரையரை ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கையிலும் கொடுத்தார். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டு, அடுத்து வந்த கல்யாணத்துக்கு இவரைக் கூப்பிடவில்லை. அதற்கும் ஒரு வாரம் கவலைப்பட்டார்.

மலையில் பிளாஸ்டிக் உடைவதற்குக் காரணம் குளிர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குளிருக்குப் பயந்து நாம் செய்கிற காரியங்களால்தான் அதிகம் உடைகிறது. வாஷிங் மெஷினில் கை வைக்க முடியாதபடி தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று, அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு அண்டாவைத் தூக்கித் தொட்டியில் ஊற்றுவார்கள். தொட்டியின் அடி உப்பிவிடும், விரிசல் விடும். மிக்சிக்கு ஈரம் தாக்கும் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள். அது ஒரு பக்கமாக இளகிச் சாய்ந்திருக்கும். கீழ்நாட்டில் இப்படி ஒரு ரிப்பேர் வராது. இது எங்கள் ஊர்த் தப்பு. பாசத்தில் செய்கிற தப்பு என்பதால் திட்டவும் முடியாது.

இனி சுமதி வந்த நாளைச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி நடந்தது. மழை விடாமல் பிடித்துக்கொண்ட சமயம். மேட்டுப்பாளையம் இறங்குகிற இரண்டு பாதையிலும் மண் சரிந்து, மேலே வருவதும் கீழே போவதும் நின்றிருந்தது.

காலையில் கடையைத் திறந்ததும், கட்டபெட்டிலிருந்து பஸ் பிடித்து நனைந்துகொண்டே ஒரு பெண் வந்தாள். துணிக்கடைப் பையிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து என் மேசையில் வைத்தாள். வைத்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். குளிரால் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஏனுங்கக்கா, இதை எப்படியாச்சும் ஒட்டிக் குடுத்துருங்க. ஊட்டுல எங்க அத்தைக்கு இதுலதான் மூச்சே."

அவள் மாமியார் மருதாயி அம்மா. வயதெல்லாம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், இப்போது நுரையீரல் கெட்டுப் படுத்திருக்கிறார். கோயம்புத்தூர் கடை ஒன்றிலிருந்து ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். மெஷினிலிருந்து வரும் காற்று இந்தப் பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் குமிழியிட்டு, ஈரமாகி, குழாய் வழியாக மூக்குக்குப் போகும். பாட்டிலில் விரிசல். புதுப் பாட்டில் கடைக்காரரிடம் இருக்கிறது, ஆனால் ரோடு திறந்தால்தான் மேலே வரும். சுமதியின் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அவரும் மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டார். கரண்டு போனால் உதவட்டும் என்று கொடுத்த குட்டி சிலிண்டரை மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அது ஒன்றே போதும், நான் அப்போதே மணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

போஜன் சார் வந்து நின்றார். "எப்படிம்மா உடைஞ்சுது?"

"கீழ விழுந்துருச்சுங்க சார்."

நான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன். விழுந்து உடைந்தால் அடிபட்ட இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், அங்கிருந்து விரிசல் கிளை விடும். இதில் புள்ளி இல்லை. அடியைச் சுற்றி நூல் நூலாக விரிசல், மங்கல் பூத்த மாதிரி ஒரு வளையம். வாஷிங் மெஷின் தொட்டிகளில் இதை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். கொதிக்கும் தண்ணீர். சுமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள், புதுப் பாட்டில் வந்தால் அதிலும் இவள் சுடுதண்ணீர்தானே ஊற்றுவாள் என்று ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

ஒட்டினேன். என் கைவேலை எல்லாவற்றிலும் அதுதான் சுத்தமான வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். விரிசலில் கரைப்பானை ஊசியால் விட்டு, அது நூல் வழியே தானாக ஓடி நிரம்புவதைப் பார்த்து, மேலே மெல்லிசாகப் பூசி, பல்புப் பெட்டியில் வைத்து எடுத்தேன். தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுமதி அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போஜன் சார் பாட்டிலை வாங்கி என் மூக்கருகில் நீட்டினார். "மோந்து பாருங்க புஷ்பம்." கரைப்பான் நெடி இலேசாக அடித்தது. "ஏற்கெனவே இரைக்கிற நெஞ்சுக்குள்ள இதையே நாள் முச்சூடும் அனுப்பலாமுங்களா?"

பிறகு சோப்பு நுரை கொண்டுவரச் சொன்னார். பாட்டிலின் வெளியே நுரையைத் தடவி, குழாய் வழியாக என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். தண்ணீர் ஒழுகாத அந்தத் தையலில் கடுகளவு ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. குழாயைக் கீழே வைத்தேன். அந்த மெஷின் எப்படி என்று எனக்குத் தெரியும். காற்றின் அளவைக் காட்டுகிற சின்னக் குண்டு, காற்று பாட்டிலுக்குப் போவதற்கு முன்னாலேயே மெஷினில் இருக்கிறது. பாட்டில் வழியாக எல்லாம் வெளியே போனாலும் குண்டு அதே இடத்தில் நிற்கும், மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். மூக்கில் குழாய் மாட்டியிருப்பதால் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். இன்றைக்குக் கடுகளவு விடுகிற தையல் நாளைக்கு எவ்வளவு விடும் என்று யார் சொல்வது? உள்ளே அந்த அம்மாவுக்கு ஒன்றும் வராமலே போகலாம்.

"மறுபடி உடைஞ்சா யாருக்குங்க அடி?" என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

"அப்ப எங்க அத்தை?" என்றாள் சுமதி. அவ்வளவுதான் கேட்டாள்.

போஜன் சார் மஃப்ளரை அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். இங்கும் அங்கும் நடந்தார். சட்டென்று நின்று, "ஏம்மா, இப்ப சிலிண்டர்ல ஓடுதுன்னு சொன்னீங்களே, அதுல இந்தப் பாட்டில் இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார். குழாயை நேரா மாட்டியிருக்கு."

"அது பாட்டில் இல்லாம ஓடுதுன்னா, இதுவும் ஓடுமா, ஓடாதா?"

எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. உடைந்ததை எப்படிச் சேர்ப்பது என்றுதான் காலை முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேண்டுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மருதாயி அம்மாவைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நர்ஸ் எடுத்து, மெஷினை எந்த நம்பரில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "ரெண்டுலங்க" என்றாள் சுமதி. நர்ஸ் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து சொன்னார். ரெண்டில் ஓடும்போது பாட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூக்கு கொஞ்சம் வறளும், அவ்வளவுதான். குழாயை மெஷினில் நேராக மாட்ட ஒரு சின்ன கனெக்டர் மெஷினோடு வந்திருக்கும், கூம்பு மாதிரி இருக்கும். மாட்டியதும் மூக்கில் வைக்கிற முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் காற்று வருகிறது.

"அந்த மாதிரி எதுவும் வரலீங்களே" என்றாள் சுமதி.

"நேர்ல பாக்காம எனக்குச் சோறு எறங்காது" என்று போஜன் சார் சர்வீஸ் வேன் சாவியை எடுத்தார். ஒட்டிய பாட்டிலை அவர் ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன், எதற்கு என்று கேட்கவில்லை.

அவர் வண்டி ஓட்டுவது ஒரு தனி வேதனை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன், பனிக்குள் எதிரே யாருமே இல்லாவிட்டாலும் ஹாரன். சைக்கிள்கூட எங்களை முந்தியிருக்கும். பக்கத்தில் சுமதி முந்தானையைக் கசக்கிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் கற்பூர மரம் ஒன்று விழுந்து, வெட்டி நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் முழுக்க சிலிண்டரில் மீதியைக் காட்டும் முள் என் மனக்கண்ணில் இறங்கிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சிலிண்டரைத்தான் பார்த்தேன். முள் சிவப்புக்கு வந்திருந்தது. மருதாயி அம்மா தலையணைகளில் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் மெஷின் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு மேலே ஒரு கம்பளிச் சால்வை போர்த்தி, ஓரங்களை அழகாக மடித்துச் செருகியிருந்தார்கள்.

"பனிக்கு ஈரம் இறங்கீரும்னுங்க" என்றாள் சுமதி.

"ஐயோ, மெஷினுக்கு மூச்சு முட்டுமேம்மா!" என்று போஜன் சார் சால்வையை உருவினார். மெஷினின் முதுகில், காற்று இழுக்கிற ஓட்டைக்குக் கீழே, டேப் போட்டு ஒட்டிய ஒரு பாலித்தீன் கவர். வந்த நாளிலிருந்து சால்வைக்கு அடியில் இருந்திருக்கிறது. உள்ளே பச்சை நிறத்தில், சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கூம்பு.

மாட்டினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ மறை திருகியிருக்கிறேன், அது மட்டும் மூன்று தரம் நழுவியது. குழாயைச் செருகி, மெஷினைப் போட்டு, சுமதி கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் முனையை முக்கினேன். ஒன்றும் வரவில்லை. பிறகுதான் பார்த்தேன், பதற்றத்தில் குழாயின் மேலேயே நான் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். நகர்ந்தேன். டம்ளர் முழுக்கக் குமிழி பொங்கியது. பக்கத்து வீட்டம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

சிலிண்டரை மூடி, குழாயை மாற்றி மாட்டினோம். கொஞ்ச நேரத்தில் மருதாயி அம்மாவின் கழுத்து நரம்பு அடங்கியது. சுமதி தேயிலை போடப் போனாள். அந்த அம்மா என்னைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டார்.

"போத்தல் விழுந்து ஒடஞ்சிச்சின்னு சொன்னாளா?"

"ஆமாங்கம்மா."

"விழல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "மூக்குக்குள்ள ஐஸா ஏறுது புள்ளன்னு நாந்தான் சொன்னேன். கொஞ்சம் சூடா வரட்டும்னு சுடுதண்ணி ஊத்தினா. எனக்காகத்தான் ஊத்தினா. மகன் வந்தா நான் சொல்லிக்கிறேன். அவள ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க."

வாசலில் டம்ளர் தட்டோடு சுமதி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். தட்டை வைத்துவிட்டு மாமியாரின் காலடியில் உட்கார்ந்து, சத்தம் இல்லாமல் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, அழுதேன். போஜன் சார் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "புதுப் பாட்டில் வந்தா கொதிக்க வெச்சு, நல்லா ஆற வெச்ச தண்ணிதாம்மா" என்று ஜன்னலிடம் சொன்னார். காலையிலிருந்து என் மனசில் குத்திக்கொண்டிருந்த முள் அப்போதுதான் வெளியே வந்தது.

வேனுக்குத் திரும்பியதும் அவர் பாக்கெட்டிலிருந்து பாட்டிலை எடுத்தார். ரோட்டோரக் கல்லின் மேல் வைத்து, ஷூ காலால் ஓங்கி மிதித்தார். உடைந்தது. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். என் தையல் அப்படியே இருந்தது, அதற்குப் பக்கத்தில் புதிதாக உடைந்திருந்தது.

"வேலை சுத்தங்க புஷ்பம்" என்றார். "பாக்க நல்லா இருக்குதுன்னு யாராச்சும் எடுத்து மாட்டிருவாங்க. அதான்."

ரேவதி, உனக்கு நான் போனில் சொல்ல முடியாமல் போனது இதைத்தான். பிரிண்டரில் பாகம் நன்றாகவே வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நன்றாக வந்துவிடுமே என்றுதான் பதறினேன்.

அன்றிலிருந்து போஜன் சார் தினமும் சாப்பாட்டு நேரத்தில் சுமதிக்குப் போன் போட்டு, "குமிழி வருதா?" என்று கேட்பார். சுமதி டம்ளரில் முக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வாள், அதற்குப் பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பார். ரோடு திறந்தது, லாரி வந்தது, புதுப் பாட்டிலும் வந்தது. அதில் குமிழி கண்ணுக்கு முன்னாலேயே தெரியும், கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் கேட்பதை நிறுத்தவில்லை. நாங்கள் கேலி செய்தோம். நான் கேலி செய்தேனே தவிர, அவர் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று நானும் மணியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஒரு நாள் போனை மருதாயி அம்மாவே எடுத்தார். போஜன் சார் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. இவர் வாயைத் திறக்கும் முன்பே அந்த அம்மா சொன்னார்.

"வருது தம்பி. நல்லா வருது. நீங்க மொதல்ல சோத்தச் சாப்பிடுங்க."